பச்சை டிக்கும் ஒரு குழந்தையின் கழுத்தும்

"சார், பாப்பாவுக்கு இன்னும் கழுத்து நிக்கல சார்."

போன மாதம் பால் பூத்தில் முருகன் இப்படிச் சொன்னதும் நான் மாதத்தை எண்ணினேன். மேனாம்பேட்டில் எங்கள் பின்தெருக்காரர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நான்தான் எதையும் எண்ணுகிறவனாயிற்றே...

அவருடைய மூத்த பையனும் இப்படித்தான். கழுத்து நிற்கவில்லை. ஒரு வயதுக்குள் மூச்சு நின்றது. ஒரு ஜீன் இல்லாமல் பிறந்தால் வரும் தசை நோயாம். அதனால் மனைவி செல்வி மறுபடி உண்டானதும், வயிற்றில் இருந்த குழந்தைக்குப் பரிசோதனை செய்தார்கள் — என் மகள் கவிதா வேலை பார்க்கும் லேபில். 'ஜீன் இருக்கிறது, பயமில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. முருகன் எங்கள் வீட்டுக்கு லட்டு கொண்டுவந்தார்.

இப்போது வேறு லேபில் மறுபடி பார்த்தார்கள். ஜீன் இல்லை.

முன்பு 'இருக்கிறது' என்று வந்தது எப்படி?

ஒரு ஜீனைத் தேட பிரைமர் வேண்டும். சுவருக்குப் பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் இல்லை, டி.என்.ஏ. எழுத்துகளால் ஆன சின்னத் துணுக்கு. விலாசம் மாதிரி. அது சரியான இடத்தில் ஒட்டினால், ஜீன் இருக்கிறது. அந்த விலாசத்தை எழுதித் தர வெப்சைட் வந்துவிட்டது. அது வந்த புதிதில் கவிதா எனக்கே காட்டினாள்.

"பாருப்பா, நீ கரண்ட் பில் கட்டறதவிட ஈஸி."

ஒரு தட்டு. அந்த ஜீனுக்கு ஐந்து ஜோடி பிரைமர்கள். முதல் ஜோடிக்குப் பக்கத்தில் பச்சை டிக். நான் திரையில் விரல் வைத்து எண்ணினேன். இருபது எழுத்து.

"சரியா இருக்கா, ஆடிட்டர் சார்?" என்று சிரித்தாள்.

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. முருகன் குழந்தைக்கும் அந்த முதல் ஜோடியைத்தான் போட்டார்கள். ஆனால் அந்த ஜீனுக்கு அச்சு அசலாக ஒரு இரட்டை உண்டாம். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? பழைய எண் 14 ஒரு வீடு, புதிய எண் 14 வேறு வீடு — எங்கள் தெருவில் கூரியர் எத்தனை தடவை மாறிப் போயிருக்கிறது! இங்கேயும் அதே கதை. கதவைத் தட்டினார்கள். இல்லாதவனுக்குப் பதில் இன்னொருவன் 'இருக்கேன்' என்றான்.

"வேற இடத்துல ஒட்டுமான்னு அந்த வெப்சைட் பாக்காதா?" என்று இப்போது கேட்டேன்.

"பாக்கும்ப்பா. கேட்டா பாக்கும்."

'கூடுதல் அமைப்புகள்' என்று மடித்து வைத்த பகுதிக்குள் ஒரு கட்டம். அதில் யாரும் டிக் போடவில்லை. பழைய மென்பொருள் இதைக் கேட்காமல் நகரவே விடாதாம். 'ரொம்பப் படுத்துது' என்று லேபில் எல்லோரும் திட்டித்தான் இதற்கு மாறினார்கள். அந்தப் பிரைமரை, ஜீன் இல்லாத நோயுள்ள ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஓட்டிப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும். பச்சை டிக் இருக்கும்போது யார் ஓட்டிப் பார்ப்பார்கள்?

நாம் மட்டும் என்ன? எந்த ஆப் வந்தாலும் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டுகிறவர்கள்தானே. எளிது என்றால் கேள்வி தீர்ந்துவிட்டது என்றா அர்த்தம்? பல சமயம் கேள்வியை மடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள்... அவ்வளவுதான்.

'அபூர்வ கேஸ்னு சொல்லிடு' என்றார்களாம் லேபில். கவிதா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முருகன் வீட்டுக்குப் போனாள். கூட நானும் போனேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

முருகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்விதான் பேசினாள்.

"எங்க ஊட்டு லட்ட துன்னியேம்மா நீ. அப்பகூட இன்னொரு வாட்டி பாக்கணும்னு தோணலியா?"

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறதாம், அதன் விலையை எண்ணிப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை.

செல்வி குழந்தையைத் தூக்கிக் கவிதாவின் கையில் கொடுத்தாள்.

"தலைய புடிச்சுக்கோ. தானா நிக்காது."

பிடித்துக்கொண்டாள். இதை எளிதாக்கித் தர எந்த வெப்சைட்டும் இல்லை.