ஆறாம் அம்பும் என்னுடையதுதான்

மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டூங்கபியில் இந்த வீட்டின் பின்விறாந்தையை ஒரு மேசனும் இல்லாமல் நானே போட்டேன். லிட்கமில் நான் வேலை செய்த தொழிற்சாலை எறிந்துவிட்ட கடைசல் மெஷினைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து கராஜில் திரும்ப ஒன்றாகப் பூட்டினேன். அது இன்றைக்கும் ஓடுது. எங்கட ஆக்கள் மாதாவின் சுருவத்தை வைத்து இழுக்கிற தேருக்கு நாலு சில்லும் அச்சும் என் கைவேலை. அதுக்கு முந்தின வருசம் ஒரு எஞ்சினியர் போட்ட சில்லு பாதி வழியில் கழன்றது, அதையும் சொல்லவேணும். இங்கிலீசில் ஒரு படிவம் நிரப்பத் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்தவன் இதெல்லாம் செய்தேன். கடைசியாக ஆறு அம்பு செய்தேன். பிரச்சினை அந்த ஆறு அம்பில்தான்.

என் மருமகன், மகளைக் கட்டினவர், கோயம்புத்தூர்ப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. கலியாணத்துக்குப் பிறகுதான் வில் பிடித்தவர். சில்லும் கண்ணாடியும் பூட்டின புது வில் இல்லை, பழைய முறை வில்: வளைந்த மரமும் நாணும் மட்டும். குறி பார்க்க ஒன்றும் கிடையாது. இருபது எட்டுத் தூரத்துக்குள் போனால்தான் எய்யலாம்.

இந்த நாட்டிலும் ஒரு நீலமலை இருக்கு; அதுக்கும் அங்கால், காரில் பல மணித்தியாலம் மேற்கே ஒரு பண்ணை. பண்ணையின் பின்பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை. எந்தக் காலத்திலோ வேலி தாண்டிப் போன செம்மறிகள் அந்தப் பாறைகளில் பெருகி, மயிர் வெட்ட ஆளில்லாமல், கொம்பு சுருண்டு, முழுக் காட்டு மிருகமாகிவிட்டன. பண்ணைக்காரர் மருமகன் போகிற வில்லுக் கிளப்புக்கு ஒரே ஒரு கடாவுக்கு அனுமதி கொடுத்தார். காயப்பட்ட மிருகத்தைப் பாறையில் விட்டுவிட்டு வந்தால் இனி ஒருவரும் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கிளப்பில் மருமகனைத் தெரிவு செய்தார்கள்.

அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு வந்தார். பாரம் குறைந்த அம்பு, கத்தி மாதிரி மூன்று அலகு வைத்த முனை, இதுதான் நல்லதென்று அதில் ஒரு கோடு ஏறி இறங்கியது.

"வெயிட் கூடினா அம்பு மெதுவாப் போகுமுங்க, மாமா."

"மெதுவாப் போகட்டும் தம்பி. போய்ச் சேந்தாக் காணும்."

"கிராப்ல அப்படி வரலீங்களே."

"உங்கட கிராப்புக்கு மேல கம்பளி இருக்கோ?"

ஒரு பண்ணையில் சொல்லி மயிர் வெட்டாத செம்மறித்தோல் எடுப்பித்து, இரண்டாக மடித்து, குறிக்கு வைக்கிற நுரைக்கட்டைக்கு முன்னால் தொங்கவிட்டேன். அவருடைய மூன்று அலகு முனை கம்பளியைச் சுருட்டிக்கொண்டு பாதியில் நின்றது. என் இரண்டு அலகு முனை, பாரமான தண்டோடு, தோலையும் தாண்டிக் கட்டைக்குள் ஒரு சாண் போனது. அவர் மடிக்கணினியை மூடினார். நான் கட்டையிலிருந்து அம்பைப் பிடுங்கினேன். என் மனுசியிடம் மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

முனையில் பாரம் ஏற ஏறத் தண்டு கூடுதலாக வளையும். இறகு ஒட்டாத தண்டை எய்து பார்த்தால் அது தெரியும். மருமகன் முதல் எய்தது வலப்பக்கம் ஓடியது, விறைப்புப் போதாது. தண்டில் அரை விரல் நீளம் வெட்டினேன், நீளம் குறைய விறைப்பு ஏறும். திரும்ப எய்யச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வெட்டினேன். இப்படி ஆறு தண்டின் விறைப்பையும் சரிப்படுத்தினேன். வலதுபக்கச் சாய்வில் தீட்டின முனைக்கு வான்கோழியின் வலது சிறகு இறகு, இரண்டும் அம்பை ஒரே பக்கம் சுழற்றும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை, நாற்பது வருசம் இரும்பைத் தடவின விரல் சொன்னது.

"தவக்காலத்தில ஆக்கள் செபம் சொல்லுவினம். நீங்கள் கத்தி தீட்டுறியள்" என்றாள் மனுசி.

"உயிர்த்த ஞாயிறுக்கு இறைச்சி வேணுமெண்டால் இப்ப தீட்டத்தான் வேணும்."

ஆறில் ஒரு தண்டு பிறவியிலேயே நேர். அதைக் கடைசிக்கு வைத்தேன். ஐந்துக்கு முனை ஒட்டி முடிய, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கிற பசை முடிந்துபோச்சு. கடை பூட்டியிருந்தது. மருமகன் விடியப் புறப்படவேணும். கராஜில் சூடாக்கி உருக்கி ஒட்டுகிற பசைக்குச்சி ஒன்று கிடந்தது. பயிற்சி அம்புக்கு அதைத்தானே பாவிக்கிறோம் என்று நினைத்து ஆறாவதுக்கு அதைப் போட்டேன். நல்லாத்தான் பிடித்தது. பிறகு ஒவ்வொன்றின் வாலிலும் சிவப்பு நூலால் வளையம் சுற்றினேன், ஒன்றிலிருந்து ஆறு வரை.

வெள்ளி விடிய அவர் கையில் கொடுத்துச் சொன்னேன்: "ஆறு வளையம் போட்டதை முதலில எடுங்கோ. அது என்ர கை."

சனிக்கிழமை சரியான வெயில். பின்னேரம் கராஜின் தகரச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பயிற்சி அம்பொன்றை எடுத்து, மருமகன் விட்டுப்போன பழைய வில்லால் நுரைக்கட்டைக்கு எய்தேன். இழுத்தேன். தண்டு கையோடு வந்தது. முனை கட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. வெயிலில் பசை இளகியிருக்கு. கையில் வெறுந்தடி.

ஆறாவதிலும் இதே பசைதான். மேற்கே எங்கட பக்கத்தைவிட வெயில் கூடுதல்.

மருமகனுக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல் இங்கிலீசில் ஏதோ சொல்லி வைத்தது. திரும்ப எடுத்தேன், அதே குரல். மகளுக்கு எடுத்துக் கேட்டேன்.

"அங்க சிக்னல் இல்லை அப்பா. நாளைக்குப் பின்னேரம்தான் வருவார். ஏன்?"

"சும்மா."

"உங்கட குரல் சும்மா மாதிரி இல்லையே."

நான் வைத்துவிட்டேன். மருமகனுக்குக் குரல்செய்தி விட்டேன்: ஆறாவதைத் தொடவேண்டாம். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு அது கிடைக்கப்போவதுமில்லை என்று தெரிந்தும் காரணத்தை மறைத்தேன் பாருங்கோ, அப்படியொரு ரோசம்.

கண்ணை மூடினால் அந்தக் கடா வந்தது. பக்கம் காட்டி நிற்குது. அம்பு படுகுது. முனை திரும்பி, விலாவெலும்பில் சறுக்கி, தண்டு மட்டும் கம்பளியில் தொங்குது. கடா பாறை ஏறிப் போகுது. மூன்று நாள், நாலு நாள், புண்ணில் ஈ மொய்க்கும். மருமகன் அந்தப் பாறைப் பள்ளத்தில் இறங்கித் தேடுவார், சறுக்குவார். நான் சொல்லியிராவிட்டால் அவர் எந்த அம்பை எடுத்திருப்பாரோ தெரியாது, ஆறில் ஒன்றுதான் பழுது. நான் வாய் திறந்து அதையே முதலில் எடுக்கச் சொன்னவன்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மனுசி என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தாள். "இந்தத் தவக்காலத்தில இண்டைக்குத்தான் நீங்கள் ஒருசந்தி ஒழுங்கா இருக்கிறியள்."

அடுத்தநாள் குருத்து ஞாயிறு. கோயிலில் தந்த குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவாமியார் வாசிக்கிறார், நான் ஓலையை வளைத்து வளைத்து விறைப்புப் பார்க்கிறேன். மனுசி முழங்கையால் இடித்தாள். பூசை முடிய, தேங்காய்ப்பால் வாங்க பென்டில் ஹில் கடைத்தெருவுக்குப் போனவன் தயிரோடு வந்தேன்.

பின்னேரம் கார் வந்தது. நான் வாசலில்தான் கதிரை போட்டிருந்தேன். மருமகன் இறங்கினார். முகம் வெயிலில் சிவந்திருந்தது, சிரிப்பு இருந்தது.

"ரெண்டாம் நம்பர் அம்புங்க மாமா. பதினெட்டு எட்டுத் தூரம். ஒரே அம்பு, கடா நாப்பது அடி கூடப் போகல, விழுந்துருச்சு."

"ஆறு?"

சிரிப்பு நின்றது. வீட்டுப் பக்கம் பார்த்தார். காருக்குள்ளிருந்து துவாயில் சுற்றின ஒன்றை எடுத்து விரித்தார். ஆறு வளையம், முனையில்லாத தண்டு.

"பாறை மேல மத்தியானம் பூராப் படுத்திருந்தேனுங்க. வில்லுல மாட்டுன அம்புக்கூட்டுல வெயில் நேரா விழுந்துச்சு. கடா கிட்ட வரவும் ஆறாவதை உருவுனேன். முனை கூட்டு நுரைக்குள்ளயே நின்னுருச்சு. கை லேசா இருந்ததால கண்டுக்கிட்டேன். கடா பாக்கலீங்க, மேஞ்சுட்டு இருந்துச்சு. மெதுவா ரெண்டாவதை எடுத்தேன்."

நான் கதிரையில் இருந்தபடி தண்டை வாங்கினேன். "பசை முடிஞ்சுபோச்சு தம்பி. சொல்லியிருக்கவேணும்."

"விடுங்க மாமா. அத்தைக்குத் தெரிய வேண்டாம். கிளப்புலயும் நான் பாத்துக்கறேன்."

அந்தப் பின்னேரம் அவர் சொன்னது எனக்குத் தேன் மாதிரி இருந்தது. உயிர்த்த ஞாயிறன்று இறைச்சிக்கறி சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் இரண்டாம் அம்பின் கதையைச் சொன்னேன். ஆறாவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு கிளப்பின் செய்தித்தாள் வந்தது. மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள். மருமகன் தானே செய்த ஆறு அம்புகளில் ஒன்றின் முனை வெயிலில் கழன்றதாம், பசையில் தான் விட்ட பிழையாம், கடாவுக்கு எய்த அம்பு இரண்டு அலகு முனையும் பாரமுமாக இருந்தபடியால் கம்பளியைத் துளைத்ததாம். என் பிழையை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் பிழை போன பாதையிலேயே மற்ற ஐந்தும் அவர் பேருக்குப் போய்விட்டன. அந்தச் செய்தியில் தோலைத் தொங்கவிட்டவன் இல்லை, அரை விரல் வெட்டினவன் இல்லை, வலது சிறகு தேடினவனும் இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். ஐந்தை மட்டும் திருப்பிக் கேட்கலாமோ என்று பார்த்தேன். கேட்டால் ஆறாவது அவர் தலையிலேயே நிற்கும். பொடியன் பாறையில் நின்று நிதானமாக இரண்டாவதை எடுத்ததுக்கு அது கூலியில்லை.

அதனால்தான் மனுசிக்கும் சொல்லிவிட்டுக் கிளப்புக்கு இதை எழுதுகிறேன், மகள் இங்கிலீசில் மாற்றித் தருவாள். அவள் ஆச்சரியப்படவில்லை, தயிர் வந்த அன்றைக்கே தெரியும் என்றாள். கடாவின் கொம்பு இப்போது கிளப்புச் சுவரில் இருக்கு. கீழே ஒரு தகடு: எய்தவர், வில், தூரம், அம்பு. அம்பு என்ற இடத்தில் மருமகன் பெயரை அழிக்கவேணும். ஆறு அம்பும் டூங்கபியில் ஒரு கராஜில் அவருடைய மாமா செய்தது என்று போடவேணும். கழன்ற முனையும் அந்த மாமா ஒட்டினதுதான் என்று அதுக்குக் கீழே போடவேணும். எழுத்து வெட்ட ஆளில்லையென்றால் தகட்டைக் கழற்றி அனுப்புங்கோ, என்னிடம் மெஷின் இருக்கு.