ரபிக்கு நான் செய்த அஞ்சலி

எங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் நீண்ட காலம் இருந்த ரபி, யூத மதகுரு, போன மாதம் இறந்துவிட்டார். அஞ்சலிக் கூட்டத்தில் தாதி ஒருத்தியும் பேச வேண்டும் என்றார்கள். தாதிகளுக்கும் டாக்டர்களுக்கும் அவர் எடுத்த வகுப்புகளை ஒன்றுவிடாமல் கேட்டவள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அகதிகளின் பிள்ளை அவர். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை வகுப்பை மதியத்தோடு முடித்துவிடுவார். ஒஸ்லோவில் மார்கழிச் சூரியன் மூன்றரைக்கு முன்பே விழுந்துவிடும், அவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். பெரிய டாக்டர்கள் முணுமுணுப்பார்கள். அவர் பாட்டுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். நோயாளியிடம் போனால் முதல் வேலையாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். ஒருமுறை அவர் ஒரு கிழவரிடம் கேட்டதற்கு, கிழவருக்குப் பதிலாக நான் வாய் திறந்தேன். என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஒரு வாரமாக எங்களிடம் வாயே திறக்காத கிழவர், அவரிடம் அரை மணி நேரம் பேசினார்.

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன்? போன மார்கழியில் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், மகள் நானே போதும் என்றேன். பிறகு அப்பாவிடம், "வயித்திலை புண்ணாம் அப்பா, மருந்திலை மாறிடுமாம்" என்றேன். நம்மவர் வீடுகளில் அப்படித்தான். நோயின் பெயர் ஊருக்கே தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. "சொல்லாதை அக்கா, மனுசன் உடைஞ்சு போவார்" என்று தம்பியும் சொன்னான். தை மாதம் யாழ்ப்பாணம் போய்த் தன் அண்ணனைப் பார்க்க இருந்த அப்பா, சுகமான பிறகு போகலாம் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார். இப்போது அவரால் அறையிலிருந்து கூடத்துக்கு நடக்க முடியவில்லை. என்மேல் எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி மாளாது.

கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினேன். மனதைத் தொட்டதென்று மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கூசிப்போனேன். ரயிலேறி ஹொல்ம்லியா வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார்.

"ஆரின்ரை கூட்டம், பிள்ளை?"

"எங்களுக்குப் படிப்பிச்ச ரபி, அப்பா. செத்துப் போனார்."

"என்ன படிப்பிச்சவர்?"

பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தேன். "எதெண்டாலும் நோயாளியிட்டைத்தான் முதல் கேக்கோணும் எண்டு."

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனுசன். என்னட்டை அப்பிடி ஆரும் கேட்டிருந்தா, தையிலையே அண்ணையைப் பாத்திட்டு வந்திருப்பன்."