ஏகாம்பரம் கடைந்த கேமரா ஸ்டாண்டு

ஏகாம்பரம் போய்விட்டார் என்று ஆவடியிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பக்கத்து லேத்தில் நின்று இரும்பு கடைந்த மனுஷன். பட்டறைக்காரர்களான உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லைதான். சொல்லாமல் எனக்கு ஆறாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் லேத் மெஷின் வந்தது. மூன்று மாதத்தில் அதன் திரையைப் படித்து ஓட்டிக் காட்டாதவர்களுக்கு வேலை இல்லை என்றார் மேனேஜர். கைலேத் ஆட்கள் நாங்கள் பதினோரு பேர். இருந்ததோ ஒரே மெஷின், அதுவும் மூன்று ஷிப்டும் ஓடியது. பழகிப் பார்க்க எங்களை அதன் கிட்டே விடவில்லை.

"மெஷினு புச்சு மச்சான், இரும்பு அதே இரும்புதான்" என்றார் ஏகாம்பரம். "நம்மள கிட்ட உடலன்னா அத்த கேண்டீனுக்கு இட்டாந்துடலாம்."

ஷிப்டு மாறும் நேரத்தில் மெஷின் ஓட்டுபவரிடம் விவரம் கேட்டு, திரையைப் படம் பிடித்து, ஸ்லைடாகச் சுவரில் காட்டிப் பாடம் நடத்துவது அவர் யோசனை. மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். மண்ணூர்பேட்டை ஸ்டுடியோவில் கேமரா கிடைத்தது.

முதல் ஸ்லைடைப் பார்த்துக் கேண்டீனே சிரித்தது. கல்யாண வீட்டு ஃபோகஸ் லைட்டைப் போட்டு எடுத்திருக்கிறார். திரை வெளுத்துப்போய், அதன் கண்ணாடியில் கேமராவும் அதற்குக் கீழே அவர் சிரிப்பும்தான் தெரிந்தன.

"இன்னா அண்ணாத்தே, மெஷினு எங்க கீது? நீதான் கீறே" என்றேன்.

"தூக்கிப் போட்றா அத்த" என்றார்.

அடுத்த ஃபிலிம் ரோலில் லைட்டை அணைத்தார். படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்தது. திரை துடித்துக்கொண்டே இருப்பதால் ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார் ஸ்டுடியோக்காரர். அப்படி எடுத்ததில் கை ஆடி எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. மனுஷன் அசரவில்லை. எந்த லேத்துக்கு இனி மதிப்பில்லை என்றார்களோ, அதே லேத்தில் கேமராவுக்கு ஒரு ஸ்டாண்டு கடைந்தார்.

நாலாவது ரோலில் ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று விழுந்தது. அதன்பிறகு தினமும் ஷிப்டு முடிந்ததும் கேண்டீனில் வகுப்பு. சுவரில் திரை மாற மாற, "இப்ப எந்த பட்டனு?" என்று கேட்டே எங்களை வாட்டி எடுத்தார்.

சோதனைக்குப் பதினோரு பேர் போனோம், பதினோரு பேரும் தேறினோம். வெறும் படத்தைப் பார்த்தே மெஷினை எப்படி ஓட்டினோம் என்று மேனேஜர் வியந்து கேட்டார். "செவுத்துல ஓட்டிப் பாத்துட்டோம் சார்" என்றார் ஏகாம்பரம். அன்று நாங்கள் போட்ட விசில் எஸ்டேட் கேட் வரை கேட்டிருக்கும்.

அவர் தூக்கிப் போடச் சொன்ன முதல் ஸ்லைடை நான் போடவில்லை. நேற்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெஷின் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அண்ணாத்தே சிரித்துக்கொண்டிருக்கிறார்.