கண் மட்டத்தில் விட்ட கல்

என் அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். ஊரில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது போலத்தான் மனிதர்களையும் பார்ப்பார். யாராவது கொஞ்சம் சாய்ந்தால் போச்சு. நான் அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் கொழுந்தியாள். அவரைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு.

அவரிடம் ஒரு கோளாறு. எதற்கும் அளவு அவர் உடம்புதான். "கண்ணுக்கு நேரா வரணும்" என்று சொல்லிச் சன்னல் வைப்பார். ஆளோ நெட்டைக் கொக்கு. அக்கா அவர் தோளுக்கும் கீழே. அவர் கட்டிய எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலில் தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா முக்காலி மேல் ஏற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை.

அவர்களுக்கு ஒரே மகள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போனது என்னவோ பின்தெருவுக்குத்தான். ஆனால் அத்தான், "அந்த வாசலை மிதிச்சவங்க இந்த வாசலுக்கு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அக்கா அந்த வாசலை மிதிக்கவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கிருந்து மகளின் மாடி வீடு தெரியும். சாயங்காலமானால் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே திறந்த மாடிக்கு வருவாள். இவள் இங்கே கைப்பிடிச்சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் கேட்காத தூரம். "துணி எடுக்கப் போறேன்" என்பாள். கொடியில் கிடப்பது நாலு துணி, அதை எடுக்க ஒரு மணி நேரம்! இறங்கி வரும்போது முந்தானை நனைந்திருக்கும். கேட்டால் ஈரத்துணி என்பாள். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

அத்தானுக்கு இது தெரிந்துபோயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல் வந்து இறங்கியது. அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் உயர்த்தப் போகிறாராம்.

"எதுக்கு அத்தான்?" என்றேன்.

"யாராச்சும் தவறி விழுந்துட்டா?"

"விழுற வயசுல இந்த வீட்டுல யாரு இருக்கா? நீங்க பண்ற கூத்தைப் பாத்து நானா குதிச்சாத்தான் உண்டு."

சாயங்காலத்துக்குள் சுவர் அக்காவின் தலையைத் தாண்டிவிட்டது.

அந்தக் காலத்து ராஜாக்கள் கோட்டை மதிலுக்கு மேலே இப்படித்தான் ஒரு சுவர் எழுப்பினார்கள். வீரன் ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு, பக்கத்திலேயே எட்டிப் பார்த்து அம்பு விட ஓர் இடைவெளி. நாம் பார்க்கலாம், நம்மை யாரும் பார்க்கக் கூடாது. அதுதான் அதன் சூட்சுமம். பிறகு அதே சுவர் சாதாரண வீட்டு மாடிக்கு வந்து பிள்ளைகள் விழாமல் காத்தது, ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்குள் தீ தாவாமல் தடுத்தது. பெற்ற மகளைத் தாயின் கண்ணிலிருந்து மறைக்க யாரும் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த மகானுபாவர்தான் முதல் ஆள்.

சுவரில் ஒரே ஒரு செங்கல்லை மட்டும் வைக்காமல் விட்டிருந்தார். "காத்து போறதுக்கு" என்றார்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்காகத்தான்டி விட்டிருக்காரு. வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு, அவ்வளவுதான்."

மறுநாள் மத்தியானமே என்னை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஓட்டை எட்டவில்லை. நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள். துண்டு வானம் தெரிந்தது. முக்காலி எடுத்து வரத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எனக்கில்லடி," என்றாள். "இது அவரு கண்ணு உசரம்."

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அத்தான், "தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்குறேன்" என்று மாடி ஏறினார். நாங்கள் சத்தமில்லாமல் பின்னாலேயே போனோம். சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஓட்டை வழியே பார்த்தபடி நின்றிருந்தார். ரசமட்டம் நன்றாகவே சாய்ந்திருந்தது.

அக்கா சண்டை போடவில்லை. "பாப்பா வெளிய வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. "நடக்குதுடி," என்றார். "நேத்துகூடத் தவழ்ந்துச்சு. இன்னிக்கு நடக்குது."

சட்டென்று சுவரில் அறைந்தார். "ஐயோ, ஓரத்துக்குப் போகுதே! அந்தச் சுவரு ஒரு முட்டி உசரம்கூட இல்லையே, எந்த மடையன் கட்டினான்? புள்ளையைத் தூக்கும்மா, தூக்கு!" என்று கத்தினார். அந்தத் தூரத்துக்கு எந்தக் குரல் போகும்? பிறகு, "தூக்கிட்டா... தூக்கிட்டா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கலவை இன்னும் இறுகாத சுவரை ஒவ்வொரு கல்லாகத் தானே பெயர்த்தார். கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். அந்த வாசலை முதலில் மிதித்தது அவர்தான்.

மகள் கதவைத் திறந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு வாளி தண்ணி கொடும்மா," என்றார். இத்தனை வருஷம் கழித்து அவர் மகளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் அழுதுகொண்டே வாளியைத் தேடினாள்.

மாடியில் புதுச் சுவருக்கு உயரம் குறிக்க வேண்டும். வழக்கம்போலத் தன் உடம்போடு கையை வைத்து அளக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அக்காவைப் பார்த்தார்.

"இங்க வந்து நில்லு. முழங்கையை மடக்கு."

"நான் எதுக்குங்க?"

"இனிமே தினமும் நீதான வந்து நிக்கப் போற," என்று சொல்லி, அவள் முழங்கை மட்டத்தில் கோடு கிழித்தார்.