இரண்டு முடிச்சுப் பெட்டி

பெட்டியைக் கட்டி முடித்ததும் மிச்சமிருக்கும் சணல் துண்டைக் காதில் செருகிக்கொள்வார் பெரியப்பா. கண்ணாடிச் சாமான் கடையில் முப்பது வருடம் பொட்டலம் கட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பார்சல் அண்ணன்.

பண்டிகை முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் அலங்காரம் இறங்கும். விளக்குச் சரத்தைப் பழைய அட்டையில் சுற்றுவார். கண்ணாடி உருண்டைகளை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே காகிதத்தில் பொதிவார். எங்கள் பொருள் என்றால் கயிற்றில் ஒரு முடிச்சு. இரவல் வாங்கியது என்றால் இரண்டு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நான் கல்லூரி முடித்த வருடம் அவர் கட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் பிரித்து, வகை வகையாக அடுக்கி, மேலே சீட்டு ஒட்டினேன். 'விளக்கு', 'வாசல்', 'ஜன்னல்'. கயிறுகளைக் குப்பையில் போட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாதென்று எனக்குத் தெரியும். பிறகு யார் படிக்க எழுதினேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அன்று கேட்கவில்லை.

அடுத்த வருடம் 'ஜன்னல்' பெட்டியில் இருந்ததை நானே மாட்டினேன். சாயங்காலம் மாடி வீட்டுத் தையல்காரக்கா வந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பார்சல் அண்ணே, நம்ம நீல மணிச்சரம் உங்க ஜன்னல்லயே குடித்தனம் பண்ணுது போல."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இது போன வருஷமே உன் வீட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சேம்மா?"

"எங்க வந்துச்சு? கேட்டா மனஸ்தாபம் ஆயிடுமேன்னு வாயைக் கட்டிட்டு இருந்தேன்."

பெட்டிகளைப் பிரித்தபோதே இரண்டு முடிச்சுப் பெட்டியை நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தப்பு என்னோடதும்மா. முடிச்சை மாத்திப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறிச் சரத்தைக் கழற்றினார். கடையில் ஒரு டம்ளரைக்கூட உடைக்காத கை அவசரப்பட்டது. ஒரு மணி தரையில் விழுந்து தூளானது.

"போகுது விடுங்கண்ணே. ஒரு மணி குறைஞ்சா குடியா முழுகிடும்?"

"இருபத்திநாலா வாங்குனேன். இருபத்திநாலாத்தான் தருவேன்."

தையல்காரக்கா கையை நீட்டியும் அவர் கொடுக்கவில்லை. அன்றே கழுவி, உலர்த்தி, இரண்டு முடிச்சு போட்டு அலமாரி மேல் வைத்தார். அதன்பின் கடைக்கு வரும் ஒவ்வொரு சரக்குப் பெட்டியிலும் அந்த நீலத்தைத் தேடினார். சில சமயம் ஒரு மணியை வாங்கி வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். "இது கொஞ்சம் பச்சையடிக்குது" என்பார். எனக்கு எல்லாம் ஒரே நீலம்தான். நான்கு வருடம் தேடினார். போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனார்.

இந்த வருடம் அலங்காரத்தை இறக்கும்போது அந்தப் பெட்டியைப் பிரித்து மணிகளைத் துடைத்தேன். மாடியிலிருந்து தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. முடிச்சை மாற்றியது யார் என்று அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எண்ணிப் பொதிந்தேன். இருபத்து மூன்று. பழைய கயிற்றிலேயே இரண்டு முடிச்சு போட்டு, பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் வைத்தேன்.