டோனர் கடிக்காத இலை

"எத்தனை செட்டு தம்பி?" என்று கேட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை அக்கா இலையைத் துடைத்துக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். இலை முடிந்த பிறகுதான் மனிதர்கள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், நேர்வெயில் படாத மூலையில் நிற்கிறது அரிகா பாம் என்கிற அந்தத் தொட்டிப் பனை. இறகுபோல விரிந்த மட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி, ஈரத்துணியால் அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. துணி கறுத்துவிடும். அது இயந்திரத்தின் உபயம்.

செடிக்கு மூன்று வயது. "நல்லா வளருது" என்பது அக்காவின் கட்சி. அதை நேரில் பார்த்த யாரும் அந்தக் கட்சியில் சேர்ந்ததில்லை. ஒரு நுனிகூட முழுசாக இருக்காது. காரணம், இயந்திரத்தின் மேல் கதகதப்பாகப் படுத்திருக்கும் பூனை. மைத்தூள் நிறம் என்பதால் அதன் பெயர் டோனர். சூடு தணிந்ததும் இறங்கி வரும், எட்டும் உயரத்தில் நான்கு கடி கடிக்கும், மறுபடி ஏறிவிடும். அக்கா கத்தரிக்கோலை எடுத்துக் கடிபட்ட நுனியைச் சரிவாக வெட்டுவார். நேராக வெட்டினால் வெட்டியது தெரிந்துவிடுமாம்.

"நீங்க செடி வளர்க்கலக்கா, பூனைக்கு கேன்டீன் நடத்துறீங்க" என்பார் தினமும் படிவங்களோடு வரும் இன்சூரன்ஸ்காரர்.

"என் கேன்டீன்ல சாப்பிட்டு யாரும் சாகலல்ல? பேப்பரைக் குடுங்க."

அக்கா அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. முன்பு அந்த மூலையில் மணிபிளான்ட் இருந்தது. டோனர் அதைக் கடித்து, வாய் வீங்கி, எச்சில் ஒழுக, கால்நடை டாக்டரிடம் போனது. பூனைக்குக் கெடுதல் செய்யாத செடிகளின் படங்கள் போட்ட பட்டியலை டாக்டர் தந்தார். அக்கா அதைத் தன் இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து, தள்ளுவண்டிச் செடிக்காரரிடம் கொண்டுபோனார். இருவரும் படத்தையும் செடியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அச்சு அசல் என்று முடிவு செய்தார்கள்.

வந்து சேர்ந்தது சைகஸ் என்கிற வேறொரு செடி. "பாக்கத்தாம்மா பாம் மாதிரி. இலையும் விஷம், கொட்டையும் விஷம்" என்றார் அதைப் பார்த்த டாக்டர்.

"என் மெஷின்ல எடுத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் டாக்டர் வரும்" என்றாராம் அக்கா.

இப்போது சுவரில் ஒட்டியிருப்பது கலர் பிரதி; அதைப் பார்த்து வாங்கியதுதான் இந்த அரிகா பாம். அக்காவிடம் கலர் மெஷின் கிடையாது. எதிர்வரிசையில் உள்ள போட்டிக் கடையில், மற்றவர்களோடு வரிசையில் நின்று எடுத்தது.

செடிக்குக் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்ற மாட்டார். ஒரு நாள் முழுக்க பாட்டிலில் திறந்து வைத்து, மறுநாள் மண்ணுக்குள் ஒரு கணு விரல் விட்டு, காய்ந்திருந்தால்தான் ஊற்றுவார். அந்த விரலைக் கழுவிய பிறகே என் சான்றிதழைத் தொடுவார். "வீட்ல மொத டிகிரியா? அப்ப ஒரிஜினலை மடிக்காதப்பா." வாரத்துக்கு இரண்டு வேலை விண்ணப்பம் போடுகிறேன். எனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று படம் போட்ட பட்டியலை எந்த டாக்டரும் தரவில்லை.

போன மாதம் டோனருக்குக் காய்ச்சல். காலிப் பேப்பர் பெட்டிக்குள் சுருண்டதுதான், மூன்று நாளாக எதையும் தின்னவில்லை. "நாளைக்கும் சாப்பிடலைன்னா ஈரல் போயிடும். அப்புறம் என் கையில இல்லம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். செடியோ அந்த மூன்று நாளில் புது மட்டை ஒன்றை விரித்திருந்தது. நுனிவரை முழுசு.

"இப்பதான்க்கா செடி செடி மாதிரி இருக்கு!" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"ஆமா" என்றார் அக்கா.

அன்று எனக்குத் தந்த மூன்று பிரதிகளிலும் என் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அப்படியே வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் போனபோது, அக்கா துணியோடு செடிமுன் நின்றிருந்தார். துடைக்கவில்லை. புது மட்டையின் நுனி கந்தலாகியிருந்தது. எச்சில்கூடக் காயவில்லை. பெட்டிக்கு மேலே இரண்டு காதுகள் தெரிந்தன.

அக்கா கத்தரிக்கோலை எடுத்துவந்து நுனியைப் பிடித்தார். பிறகு கத்தரிக்கோலை இழுப்பறையில் போட்டு மூடினார். குனிந்து தொட்டியை இரண்டு கையாலும் திருப்பி, கந்தலான மட்டை வாசலைப் பார்க்கும்படி வைத்தார்.