பள்ளிக்கூடத்துக்குக் கீழே

நகராட்சி அலுவலகத்தில் அவளை எல்லோரும் சர்வேயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்து நான்கு வயது. நில அளவைப் பிரிவில் பத்தொன்பது வருட வேலை. முட்புதருக்குள் புகுந்து எல்லைக்கல் தேடுவதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாய் துரத்தினாலும் அளவைக் குறித்து முடித்துவிட்டுத்தான் ஓடுவாள் என்று கேலி செய்வார்கள்.

மூடிய இடம் மட்டும் அவளுக்கு ஆகாது. லிஃப்டில் ஏற மாட்டாள். குளிக்கும்போது கதவைத் தாழ் போடாமல், உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று உரக்கப் பாடுவாள். இது வீட்டில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் அச்சகத்தில் வேலை பார்த்த கணவர். இன்னொருவர் கூடவே இருந்த கணவரின் அக்கா. அண்ணி என்று இவள் கூப்பிடும் அந்த அம்மாள், "உன் பாட்டுக்குப் பயந்தே எவனும் உள்ள வரமாட்டான், தாழ்ப்பாள் எதுக்கு?" என்பாள்.

ஒருநாள் காலை இஸ்திரிக்கடை ஒன்றின் தரை பொத்தென்று உள்வாங்கியது. மேசை, பெட்டி, தேய்த்து அடுக்கிய நாற்பது சட்டைகள் எல்லாம் குழிக்குள் போயின. கடைக்காரர் எதிர்வீட்டில் துணி கொடுக்கப் போயிருந்ததால் பிழைத்தார். எட்டிப் பார்த்தவர்களுக்கு அடி தெரியவில்லை.

ஊருக்கு அடியில் ஒரு காலத்தில் கல் சுரங்கம் இருந்தது. பூமிக்குள்ளேயே அறை அறையாகக் கல்லை வெட்டி எடுத்து, கூரையைத் தாங்க இடையிடையே பருத்த கல்தூண்களை விட்டு வைத்திருந்தார்கள். மூடி அறுபது வருடம் ஆகிவிட்டது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பதிவறையில் கிடைத்த ஒரே வரைபடத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

தலைமைப் பொறியாளர் மூன்று சர்வேயர்களையும் கூப்பிட்டார். "யாராவது இறங்கி அளந்தாத்தான் மேல எந்தத் தெரு நிக்கும், எந்தத் தெரு போகும்னு சொல்ல முடியும்" என்றார். முதலாமவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டாமவர் சர்க்கரை வியாதியைச் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று இவளும் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. "சரி சார்" என்றாள்.

அன்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்ரூம் கதவையே சாத்தமாட்டே. நீ போய்ப் பூமிக்குள்ள இறங்கப் போறியா? வாயில பிளாஸ்திரியா ஒட்டியிருந்தாங்க, மாட்டேன்னு சொல்றதுக்கென்ன?"

துணைக்கு வந்தவர் குடிநீர்ப் பிரிவின் பம்ப் ஆபரேட்டர். சாக்கடைக் குழி, தண்ணீர்த் தொட்டி என்று எதற்குள்ளும் இறங்கி ஏறும் ஆள். வாய் ஓயாது. அதனால் ரேடியோ என்று பெயர். சுரங்கத்தின் பழைய வாசல் லாரி ஷெட்டுக்குப் பின்னால் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அதை உடைத்து வழி செய்தார்கள். வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்தார். மதியம் ஒரு மணிக்குள் இருவரும் வெளியே வராவிட்டால் அவர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் இருபது அடி உள்ளே போவதற்குள் அவளுக்கு உள்ளங்கை வேர்த்து அளவு நாடா வழுக்கியது. காற்று குளிர்ந்து, ஈரச் சுண்ணாம்பு வாடையுடன் அசையாமல் நின்றது. ஹெல்மெட் விளக்கு பட்ட இடம் மட்டும் உலகம். சுவரெங்கும் உளி கொத்திய வரிகள். எப்போதோ ஓடிய கல்வண்டியின் தடம் தரையில் அப்படியே இருந்தது. எங்கிருந்தோ ஒரு கூழாங்கல் உதிரும். பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. அவள் அடுத்த கல்லுக்காகக் காது கொடுத்து நிற்பாள்.

ரேடியோ தன் மாமியார் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லிக்கொண்டே நடந்தார். நடுவில் ஒருமுறை, "பேச்ச நிறுத்திடாத தம்பி" என்றாள் அவள்.

"நிறுத்தச் சொல்லித்தான்க்கா எல்லாரும் கேப்பாங்க!" என்று சிரித்தார் அவர். வாசலிலிருந்து கட்டி வந்த மஞ்சள் கயிற்றை ஒரு கையால் தடவிக்கொண்டேதான் அவள் இரண்டு நாளும் வேலை பார்த்தாள். பையில் நோட்டு இருந்தது, வாந்தி எடுக்க ஒரு கவரும் இருந்தது.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு அவர்கள் இதுவரை போகாத ஒரு பெரிய அறையை அடைந்தார்கள். முதல் தூணைப் பார்த்ததும் ரேடியோவின் பேச்சு நின்றது. மற்ற இடங்களில் தூண்கள் நான்கு மீட்டர் கனம். இங்கே மேலும் கீழும் அகன்று நடுவில் உடுக்கை மாதிரி ஒடுங்கியிருந்தது. அளந்தால் ஒன்றே கால் மீட்டர். சுரங்கத்தை மூடும் சமயத்தில் யாரோ தூணையே செதுக்கிக் கல் எடுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தூணும் அப்படியே. அதற்கடுத்ததில் ஒரு விரிசல், விரல் போகும் அளவு.

"அக்கா, போயிடலாமா?" என்றார் ரேடியோ. அவர் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டாள்.

அவள் கரையான் தின்ற வரைபடத்தையும் தன் நோட்டையும் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்த்தாள். மேலே என்ன இருக்கிறது என்று தெரிய இன்னும் ஒரே ஒரு அளவு தேவைப்பட்டது. "இது ஒண்ணு மட்டும் எடுத்துட்டு ஓடிடலாம்" என்றாள்.

நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு ரேடியோ வந்த வழியாக நடந்தார். மறு முனையோடு அவள் அறையின் உள்பக்கம் நின்றாள். அப்போதுதான் தலைக்கு மேலிருந்து மணியோசை கேட்டது. தொடர்ந்து சின்னப் பிள்ளைகளின் கூச்சல். பழைய காற்றுக் குழாய் ஒன்று கூரையில் கிணறு போல மேலே போனது. அதன் வழியாகத்தான் சத்தம் இறங்கியது. அளவே தேவையில்லாமல் போயிற்று. மேலே இருப்பது தொடக்கப் பள்ளி.

"தம்பி!" என்று அவள் வாயெடுத்தபோது கையிலிருந்த நாடா சுண்டி இழுத்தது. இருவருக்கும் நடுவிலிருந்த கூரை இறங்கியது. சத்தம் காதில் கேட்டதா, நெஞ்சில் கேட்டதா என்று அவளுக்குப் பிறகும் சொல்லத் தெரியவில்லை. விழுந்து எழுந்தபோது விளக்குக்கு முன்னால் வெள்ளைப் புழுதி மட்டும் தெரிந்தது. நாடா இன்னும் கையில் இருந்தது. இழுத்தாள், வரவில்லை. அது ஆறு மீட்டர் நாற்பதில் கற்குவியலுக்குள் போயிருந்தது. பழக்கதோஷத்தில் அந்த எண்ணைப் படித்தாள். பிறகுதான் மறுமுனையில் ஆள் இருந்தது நினைவுக்கு வந்தது.

"தம்பி! ரேடியோ! ஏதாவது பேசு!"

பதில் இல்லை. மஞ்சள் கயிறும் கல்லுக்கு அடியில் போயிருந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். புடவை நனைந்தது தெரிந்தது, வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை. விளக்கு எத்தனை மணி நேரம் எரியும், அணைந்தால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்தாள். மேலே பிள்ளைகளை வரிசையாகக் குதிக்க வைத்தார்கள் போல. தொம், தொம் என்று கேட்டது. இங்கே விரிசல் விட்ட தூணிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. அவர்கள் குதிப்பதால்தான் கொட்டுகிறதா, தற்செயலா என்று கணக்குப் போடும் நிலையில் அவள் இல்லை. தவழ்ந்து போய்க் காற்றுக் குழாய்க்கு அடியில் நின்று அண்ணாந்து கத்தினாள். வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது.

குழாயின் மேல்வாயை மூடியிருந்த சிமெண்டுப் பலகை வெடித்திருந்தது. மைதானத்து ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடிப் போய், "டீச்சர், மண்ணுக்குள்ள ஒரு அம்மா அழுறாங்க" என்றாளாம். டீச்சர் முதலில் அதட்டியிருக்கிறார். பிறகு சந்தேகம் வந்து, மண்ணில் படுத்து வெடிப்பில் காதை வைத்தார்.

"யாரு? யாரது?"

மேலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பேச்சு திரும்பியது. "நகராட்சி சர்வேயர். உங்க பள்ளிக்கூடத்துக்கு நேர் கீழ இருக்கேன். பழைய சுரங்கம்."

"ஐயோ! இருங்க, ஆள் கூப்பிடுறேன்."

"அப்புறம் கூப்பிடுங்க. மொதல்ல பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க. இங்க தூண் தாங்கல. யாரையும் ஓட விடாதீங்க, குதிக்க விடாதீங்க. கிழக்கு கேட் வழியா மெதுவா."

"நீங்க சொல்றது நிஜமா?"

"நான் இங்க பயத்துல செத்துக்கிட்டிருக்கேன், டீச்சர். பொய் சொல்லத் தெம்பு எங்க இருக்கு?"

டீச்சர் எழுந்து போகும் சத்தம் கேட்டது. போகச் சொன்னவள் அவள்தான். போய்விட்டாரே என்று வாயைப் பொத்திக்கொண்டு விம்மியவளும் அவள்தான். குதிக்கும் சத்தம் நின்றது. கூச்சல் நின்றது. கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நிசப்தத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குளிக்கும்போது பாடும் பாட்டைப் பாட முயன்றாள். தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது இன்னொருத்தி பாடுவது போலக் கேட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

மேலே டீச்சர் அதை விளையாட்டாக்கியிருந்தார். "பூனை மாதிரி நடக்கணும். யாரோட காலடிச் சத்தம் கேக்குதோ அவங்க அவுட்." இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளும் விரலை வாயில் வைத்துக்கொண்டு நுனிக்காலில் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர்கூட அவுட் ஆகவில்லை என்று டீச்சர் பின்னால் பெருமையாகச் சொல்வார்.

ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சம் ஒரு ஈர்க்குச்சி போல உள்ளே விழுந்தது. தீயணைப்புக்காரர்கள் நீளப் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் படுத்தபடி மூடியைப் பெயர்த்திருந்தார்கள். கயிறும் பட்டையும் இறங்கின. குழாயின் அகலம் ஒன்றரை அடி. நாற்பது அடி உயரம் அதற்குள் அவளை இழுத்தார்கள். தோள் இருபுறமும் உரச, நடுவில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. வேண்டாம், கீழேயே விட்டுவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். மேலிருந்த ஒருவர், "மூச்ச வெளிய விடுங்கம்மா, முழுசா விடுங்க" என்றார். விட்டாள். மேலே வந்தாள்.

தெருவில் ஒரு வெள்ளை உருவம் உட்கார்ந்திருந்தது. தலை முதல் கால் வரை சுண்ணாம்புப் புழுதி. ரேடியோ! கூரை இறங்கியபோது நாடாவை விட்டுவிட்டு வாசல் பக்கம் பாய்ந்திருக்கிறார். அவள் செத்துவிட்டாள் என்றே காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். "நாடாவ நான்தான் விட்டுட்டேன்க்கா" என்றார்.

"விட்டதாலதான் உசுரோட இருக்கே" என்றாள் அவள். இருவரும் நடுத்தெருவில் குழந்தைகளுக்கு முன்னால் அழுதார்கள்.

பள்ளியை அன்றே பூட்டினார்கள். நன்றாக இருந்த பள்ளிக்கூடத்தை ஒருத்தியின் பேச்சைக் கேட்டு மூடிவிட்டார்கள் என்று பெற்றோர்கள் இரண்டு வாரம் திட்டினார்கள். இருபத்து மூன்றாம் நாள், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம், மைதானமும் இரண்டு வகுப்பறைகளும் உள்ளே போயின. அவள் போய்ப் பார்த்தாள். பெஞ்சு ஒன்று குழியின் விளிம்பில் தொங்கியது. அங்கேயே வாந்தி எடுத்தாள்.

பயம் அவளோடு வீட்டுக்கும் வந்திருந்தது. கண்ணை மூடினால் மூச்சு முட்டியது. அண்ணி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் படுக்கையறைக் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் என்ன புதுசாக் கல்யாணம் ஆனவங்களா? கெடக்கட்டும்" என்றாள்.

வரைபடம் பாதியில் நின்றது. இரண்டு மாதம் கழித்து அவளே பொறியாளரிடம் போனாள். "எனக்குப் பயம் சார். மூடின இடத்துல மூச்சு நின்னுடும். ஆனா அந்தப் பக்கம் பாத்த ஆள் நான் ஒருத்திதான். கூரைக்கு முட்டுக் கொடுத்து, கூட நாலு பேர் வந்தா இறங்குறேன். திரும்பலாம்னு நான் சொன்னா ஏன்னு யாரும் கேக்கக் கூடாது."

அவர் அதை அப்படியே உத்தரவாக எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்பது முறை இறங்கினாள். இரண்டு முறை பாதியில் திரும்பினாள். யாரும் கேட்கவில்லை. ஒன்பதாவது முறையும் முதல் முறை போலவே கை வேர்த்தது. ரேடியோ உடன் வந்தார், ஆனால் உள்ளே போனால் பேசுவதில்லை. நூற்று முப்பத்தாறு தூண்களும் வரைபடத்தில் ஏறின. பள்ளிக்குப் பின்னாலிருந்த இரண்டு தெருக்களைக் காலி செய்தார்கள். மற்ற இடங்களுக்கு அடியில் மணலும் சிமெண்டும் கரைத்து ஊற்றும் வேலை தொடங்கியது.

அதற்கடுத்த வாரம் அவளுக்கு ஒரு எல்லைத் தகராறு வந்தது. அரை அடிச் சுவருக்காக அண்ணனும் தம்பியும் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார்கள். மரமில்லாத திடல், உச்சி வெயில். "சீக்கிரம் அளந்துட்டுப் போங்கம்மா, வெயில் கொளுத்துது" என்றான் தம்பிக்காரன்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அவள் முதல் கல்லிலிருந்து மறுபடியும் அளக்கத் தொடங்கினாள்.